டிரைவ் அனுமதிப் பிழைகள்: மறுநிறுவலைத் தாண்டியும் நின்ற ஒரு தீர்வு

விண்டோஸை மறுபடி நிறுவியபின் பழைய வன்தட்டைத் திறந்தால், நாமே சேமித்த கோப்புகளுக்கு "அணுகல் மறுக்கப்பட்டது" என்ற பதில் வருவது பலரும் பட்ட தொல்லை. அந்த நேரத்துக்கு வேலையை முடித்துத் தரும் வழிகள் ஏராளம் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அடுத்த மறுநிறுவல் வரைதான் தாங்கும். சில ஆண்டுகளாக நான் கடைப்பிடிக்கும் முறை, இயங்குதளம் மாறியபோதும், தட்டு வேறொரு கணினிக்குப் போனபோதும் மீண்டும் கைவைக்க வேண்டிய தேவை இல்லாமல் நின்றதால் அதை இங்கே பகிர்கிறேன்.

விண்டோஸ் தட்டில் கோப்புகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் (NTFS) கோப்பு முறைமை, கோப்பை யார் திறக்கலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியலில் பயனரின் பெயரை எழுதி வைப்பதில்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண் ஒன்றைத்தான் எழுதி வைக்கிறது. உள்ளூர்க் கணக்குக்கான இந்த எண் புதிய நிறுவலில் புதிதாக உருவாகிறது என்பதால், அதே பெயரில், அதே கடவுச்சொல்லோடு கணக்குத் தொடங்கினாலும் பழைய கோப்புகளைப் பொறுத்தவரை நாம் அந்நியர்தான். கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அறியப்படாத கணக்கு என்ற குறிப்போடு அந்த எண் மட்டும் நிற்கும். இதற்கு மாறாக, நிர்வாகிகள் குழுவின் எண் எஸ்-1-5-32-544. உள்நுழைந்த பயனர்கள் அனைவரையும் குறிக்கும் எண் எஸ்-1-5-11. இவ்விரண்டும் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. அனுமதியைத் தனிக் கணக்குக்குத் தராமல் இத்தகைய குழுக்களுக்குத் தருவதுதான் என் முறையின் அடிப்படை.

பெரும்பாலானோர் செய்வது, பிழைச் சாளரத்தில் வரும் "தொடர்க" பொத்தானை அழுத்துவது. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்ததும் கோப்புறை திறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொத்தான் செய்வது, இப்போதைய கணக்கின் எண்ணைப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்ப்பது. அடுத்த நிறுவலில் அதுவும் இன்னோர் அறியப்படாத கணக்காகத் தங்கிவிடும்.

அதற்குப் பதிலாக, நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் கோப்புகளின் உரிமையாளரை மாற்றும் டேக்ஓன் (takeown) கட்டளையை, உள்கோப்புறைகளையும் சேர்க்கும் ஆர் (/R) தெரிவுடனும், ஏ (/A) தெரிவுடனும் ஓட்டுகிறேன். ஏ தெரிவு இல்லாவிட்டால் உரிமை நம் தனிக் கணக்குக்குப் போகும். இருந்தால் நிர்வாகிகள் குழுவுக்குப் போகும். பிறகு அனுமதிகளை மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையை ரீசெட் (/reset) தெரிவுடன் ஓட்டினால், கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பதிவுகள் நீங்கி, மேலேயுள்ள கோப்புறையின் அனுமதிகள் மரபுரிமையாக இறங்கும். டிரைவின் மூலத்துக்கு, அதாவது அதன் மிக மேல்நிலைக்கு, மேலே மரபாகப் பெற எதுவும் இல்லை என்பதால், மூலத்தைத் தொடாமல் அதன் கீழுள்ள கோப்புறைகளுக்கு மட்டுமே இதைச் செய்கிறேன். சிறு கோப்புகள் மிகுந்த தட்டில் இதற்கு நேரம் பிடிக்கும். ஓடவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே நல்லது.

நிர்வாகிகள் குழுவுக்கு முழு அனுமதி கொடுத்தால் போதாதா என்றால், போதாது. கோப்பு உலாவி சாதாரணமாக நிர்வாகி அதிகாரம் நீக்கப்பட்ட நிலையில்தான் இயங்குகிறது. ஆகவே அந்தக் குழுவுக்கு மட்டும் அனுமதி உள்ள கோப்புறையில் "தொடர்க" பொத்தான் மறுபடி வந்து நிற்கும். உள்நுழைந்த பயனர்களுக்குத் திருத்தும் அனுமதி மூலத்திலேயே இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. அதன் விலை, வீட்டில் அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் அந்தக் கோப்புகளைத் திருத்தவும் அழிக்கவும் முடியும் என்பது. அந்தரங்கமானவற்றை நான் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்கிறேன்.

இயங்குதளம் இருக்கும் டிரைவில் இவற்றை ஒருபோதும் ஓட்டக் கூடாது. அங்குள்ள கோப்புகளில் பல வேண்டுமென்றே நிர்வாகியிடமிருந்தும் காக்கப்பட்டவை. அந்த உரிமையைப் பிடுங்கினால் புதுப்பிப்புகள் முதல் பலவும் குழம்பும். மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்த கோப்புகளுக்கும் இது உதவாது; உரிமையாளர் ஆனாலும், பழைய சாவி இல்லாமல் அவை திறக்கமாட்டா.

அதே தட்டை லினக்ஸிலும் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. எழுத முடியாமல், படிக்க மட்டும் முடிகிற நிலையில் என்டிஎஃப்எஸ் டிரைவ் இணைந்தால், பல வேளைகளில் அது அனுமதிப் பிழையே அல்ல. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதி டிரைவை முழுமையாக மூடாமல் விட்டதன் விளைவு. அந்த வசதியை அணைத்து, விண்டோஸை முறையாக ஒருமுறை நிறுத்தினால் சரியாகிவிடும். இதை அறியாமல், எல்லோருக்கும் முழு அனுமதி தரும் லினக்ஸ் கட்டளையான சிஎச்மோட் 777 (chmod 777) என்று அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இப்போதும் எனக்கு எஞ்சியிருக்கும் வேலை ஒன்றுதான். தனி அனுமதி உள்ள கோப்புறையை அதே டிரைவுக்குள் இடம் மாற்றினால் அந்த அனுமதியும் கூடவே போகும். நகலெடுத்தால் மட்டுமே புதிய இடத்தின் அனுமதி கிடைக்கும். அவ்வாறு இடம் மாறிய கோப்புறைக்கு மட்டும் ரீசெட் கட்டளையை மீண்டும் ஓட்டுகிறேன்.