கியாந்தி சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி மலைகளில், "நீங்களே ஓட்டிச் செல்லும் சைக்கிள் சுற்றுலா" என்று நிறையப் பேர் விற்கிறார்கள். வழிகாட்டி கூட வரமாட்டார். தங்கும் இடம், சைக்கிள், வழி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, பெட்டிகளை மட்டும் வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முறை நல்ல முறைதான். எங்களிடம் அதை விற்ற ஏஜென்சி ஏமாற்றிவிட்டது. புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்ததை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வார்த்தைகளில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "எளிது. ஒரு நாளைக்கு 35 முதல் 45 கிலோமீட்டர். குடும்பத்தோடு போகலாம்." எத்தனை மீட்டர் ஏற்றம் என்று எங்குமே இல்லை. ஏமாற்று அங்கேயே தொடங்குகிறது.

கியாந்தியில் கிலோமீட்டர் கணக்கு ஒன்றையும் சொல்லாது. கிரேவே ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டரில் ஆற்றோரம் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் பன்சானோ, அதைவிட இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். ராட்டா ஊர் 530 மீட்டர், காஸ்தெல்லினா 578 மீட்டர். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்குச் சாலை நேராகப் போகாது. பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஏறிய உயரத்தையெல்லாம் இழந்து, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். இடைக்காலத்தில் ஃபிளாரன்ஸும் சியெனாவும் இந்த எல்லைக்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டன. அதனால் கோட்டையும் மதிலும் கட்டிய பழைய ஊர்களில் பல உயரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பார்க்கப் போவதே அந்த ஊர்களைத்தான் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஏறித்தான் ஆக வேண்டும்.

வழியை வரைபடத்தில் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பை முழுப் பணமும் கட்டிய பிறகுதான் அனுப்பினார்கள். கோமூட் என்ற சைக்கிள் வழிச் செயலியில் போட்டுப் பார்த்தால் ஒரே நாளில் 900 மீட்டருக்கு மேல் ஏற்றம். உடனே மின்னஞ்சல் போட்டேன். "இ-பைக் எடுப்பவர்களுக்கு மலையே தெரியாது, கவலைப்பட வேண்டாம்" என்று பதில் வந்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் இ-பைக், எனக்கும் மனைவிக்கும் சரளைச் சாலைக்கென்றே 40 மிமீ அகல டயர் போட்ட கிராவல் பைக். பதிவுப் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

கடை மூடும் நேரத்தில்தான் சைக்கிளைக் கையில் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது தார்ச் சாலைக்கான, 28 மிமீ டயர் போட்ட ரோட் பைக். பின் டயரின் பக்கச் சுவரில் ரப்பர் உரிந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. பிரேக் கட்டையில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளக் கோடு இருக்குமே, அது அடியோடு மறைந்திருந்தது. கியர் இன்னும் மோசம்: முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றும். 12 சதவீத ஏற்றத்தில் சாதாரண ஆளால் இதை மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளத்தான் முடியும். முன் பல்லைவிடப் பின் பல் எண்ணிக்கை அதிகமாக இருக்கிற கியர்தான் இந்த மலைக்கு வேண்டும்.

"ஸ்திராதே பியாங்கே (வெள்ளைச் சாலைகள்) சைக்கிள் பந்தயக்காரர்களே ரோட் பைக்கில்தானே இந்த மண் சாலையில் போகிறார்கள்" என்று கடைக்காரர் சொன்னார். 2007இல் தொடங்கிய அந்தப் பந்தயம் இந்த வட்டார வெள்ளைச் சாலைகளில் நடப்பது உண்மை. அவர்களுக்குப் பின்னால் மாற்றுச் சக்கரத்தோடு கார் வருகிறது. எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. வெள்ளைச் சாலை என்றால் சுண்ணாம்புக் கல் சரளை. மேலே மாவு மாதிரித் தூசி, அடியில் வரி வரியாக மேடுபள்ளம். இறக்கத்தில் அந்த வரிகள் மேல் போகும்போது சக்கரம் தரையில் பதியவே பதியாது. அங்கே போய் தேய்ந்த பிரேக்கோடு ஒருவரை அனுப்புவது கவனக்குறைவு இல்லை, அதைவிடப் பெரிய குற்றம்.

இரண்டாம் நாள் பாதி ஏற்றத்தில் அக்காவின் இ-பைக் நின்றுவிட்டது. "தம்பி, இது ஓடவே மாட்டேங்குதுடா, காலால மிதிச்சாலும் நகரல" என்று வெயிலில் நின்றாள். பேட்டரியில் 400 வாட்-மணி (அதில் தேங்கும் மின்சாரத்தின் அளவு) என்று ஒட்டியிருந்தது, அதுவும் பல வருடம் ஓடிய பேட்டரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1000 மீட்டர் உயரம் தூக்கவே சுமார் 270 வாட்-மணி வேண்டும். மோட்டாரில் வீணாகும் பங்கையும், பேட்டரி பழசானதால் குறைந்த கொள்ளளவையும் சேர்த்தால், அதிக உதவியில் ஓட்டுபவருக்கு மாலை வரை தாங்காது. இந்தக் கணக்கு அதை வாடகைக்கு விடுபவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பேட்டரி தீர்ந்த இ-பைக் 25 கிலோ இரும்பு. அத்தானும் நானும் மாறி மாறித் தள்ளினோம்.

24 மணி நேர உதவி எண் என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். மதியம் முழுவதும் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சாயங்காலம் ஏஜென்சி எடுத்தது. "சைக்கிள் கடையின் பொறுப்பு, அவர்களைக் கேளுங்கள்." கடையைக் கேட்டால், "நாங்கள் ஏஜென்சிக்குத்தான் வாடகைக்கு விட்டோம், உங்களுக்கு இல்லை." வேறு பேட்டரி வரவே இல்லை. மிச்ச நாட்களுக்கு அக்காவும் அத்தானும் பேருந்திலும் டாக்சியிலும் வந்தார்கள், சொந்தக் காசில்.

ஒயின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திராட்சைத் தோட்டத்திலேயே கியாந்தி கிளாசிகோ சுவைத்துப் பார்க்கலாம் என்பது தொகுப்பு விலையில் சேர்ந்திருந்தது. தோட்டத்து வாசலில் போய் நின்றால் எங்கள் பெயரில் பதிவே இல்லை. பதிலுக்கு ஊர்க் கடை ஒன்றுக்கு அனுப்பி, வெறும் கியாந்தி ஊற்றினார்கள். இரண்டும் ஒன்றில்லை. கியாந்தி கிளாசிகோ என்பது 1716இல் மூன்றாம் கோசிமோ தெ மெதிச்சி எல்லை வகுத்த பழைய கியாந்தியை உள்ளே வைத்திருக்கும் மலைப்பகுதியின் ஒயின். குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை இருக்க வேண்டும், பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். சேவல் இல்லாத பாட்டிலைக் காட்டி கிளாசிகோ என்றால் நம்பாதீர்கள்.

கடைசியில், சைக்கிளுக்காகக் கட்டிய வைப்புத்தொகை. 300 யூரோவில் 180ஐப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் ஃபிரேமில் கீறல் என்றார்கள். வாங்கும்போதே மனைவி ஒவ்வொரு சைக்கிளையும் சுற்றி வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அந்தக் கீறல் அதில் பளிச்சென்று தெரிகிறது. கார்டு வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டு வீடியோவை அனுப்பினோம், பணம் திரும்பி வந்தது. எங்களுக்கு இதுவரை முழுசாகக் கிடைத்த நியாயம் அது ஒன்றுதான்.

ஏஜென்சி இப்போது சொல்வது, "நாங்கள் இடைத்தரகர் மட்டும். ஹோட்டல் தனி, சைக்கிள் தனி, பெட்டி வேன் தனி." மூன்று இன்வாய்ஸும் தனித்தனியாகக் கொடுத்தது இதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது. ஆனால் சட்டம் அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 பயணத் தொகுப்பு விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, இத்தாலி அதைத் தன் சுற்றுலாச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. தங்குமிடமும், பயணத்தின் முக்கிய அம்சமான இன்னொரு சேவையும் சேர்த்து ஒரே மொத்த விலைக்கு விற்றால் அது தொகுப்புதான், ஒப்பந்தங்களைத் தனித்தனியாக எழுதினாலும் சரி. சைக்கிள் சுற்றுலாவில் சைக்கிளைவிட முக்கிய அம்சம் எது? தொகுப்பு என்று ஆகிவிட்டால் எல்லாச் சேவைக்கும் ஏற்பாட்டாளரே பொறுப்பு. குறை இருந்தால் விலையைக் குறைத்துத் தர வேண்டும், சிக்கலில் மாட்டியவருக்கு உதவ வேண்டும். நம் பக்கக் கடமை, குறையைத் தாமதிக்காமல் தெரிவிப்பது. சாலையோரத்திலிருந்தே ஒவ்வொன்றையும் படத்தோடு மின்னஞ்சலில் அனுப்பியிருந்ததுதான் இப்போது எங்கள் கையில் இருக்கும் பலம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள், வேறு உறுப்பு நாட்டு நிறுவனத்தின் மேல் உள்ள புகாருக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் இலவசமாக உதவி கேட்கலாம்.

போக நினைப்பவர்கள் முன்பணத்துக்கு முன்பே ஒவ்வொரு நாளின் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், எத்தனை கிலோமீட்டர் வெள்ளைச் சாலை என்று கேளுங்கள். ஜிபிஎக்ஸ் தர மறுத்தால் வேண்டாம். டயர் அகலம், கியரின் பல் எண்ணிக்கை, பேட்டரியின் வாட்-மணி மூன்றும் எழுத்தில் வரட்டும். "நடுத்தரம்", "எளிது", "குடும்பத்துக்கு ஏற்றது" எல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு எழுதுவது. தொகுப்புப் பயணத்துக்கென்று சட்டம் வகுத்த பொதுத் தகவல் படிவத்தைப் பதிவுக்கு முன்பே தர வேண்டியது ஏற்பாட்டாளரின் கடமை. பொறுப்பு யாருடையது, நிறுவனம் திவாலானால் பணத்துக்கு யார் உத்தரவாதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு அது வரவே இல்லை.

உங்கள் பதிவு மின்னஞ்சலில் "இடைத்தரகர் மட்டும்" என்ற வரியும், மூன்று தனி இன்வாய்ஸும், ஆனால் ஒரே மொத்தத் தொகையும் இருந்தால், மீதிப் பணத்தைக் கட்டாமல் அந்தப் படிவத்தைக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள்.