இரண்டு தராசு, ஒரு எலி: நான்கு வருட லினக்ஸ் அனுபவம்

போன வாரம் மாமாவின் அரிசி ஆலையில் எலி ஒரு யூஎஸ்பி கம்பியைக் கடித்துத் துப்பிவிட்டது. அதே நாள் பார்த்து, மயிலாடுதுறையில் விதைக்கடை வைத்திருக்கும் நண்பன் போன் செய்தான். "அந்தச் சின்ன லினக்ஸ் பெட்டி விலை இறங்கியிருக்காம்டா. நீதான் நாலு வருஷமா ஓட்டுறியே, வாங்கலாமா?" கடிபட்ட கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னால் கெட்ட வார்த்தைதான் வரும். எழுதியே தருகிறேன் என்றேன்.

பெட்டி என்றால் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சின்னக் கணினிதான். அதன் நினைவகம், வேகம் எல்லாம் உனக்கே தெரியும். ஆலை இருப்பது நீடாமங்கலம் பக்கம். எந்நேரமும் உமித்தூசி, நினைத்தபோது போய் நினைத்தபோது வரும் கரண்ட். இத்தனைக்கும் நடுவில் மெமரி கார்டு ஒருமுறை போனதைத் தவிர வேறு செலவு வைக்கவில்லை. ஆக, பெட்டியோடு எனக்குச் சண்டை இல்லை. செருகும் சாதனங்களுக்கு லினக்ஸ் தானாக எண் கொடுக்கிறதே, அதோடுதான் சண்டை.

ஆலையில் இரண்டு தராசு. முன்பக்கம் நெல் வாங்கும் மேடைத் தராசு, பின்பக்கம் 25 கிலோ அரிசிப் பை பிடிக்கும் தராசு. இரண்டும், தராசின் பழைய பாணி சீரியல் இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் கம்பி வழியாகப் பெட்டிக்கு வருகின்றன. முதலில் செருகியதற்கு டிடிஒய்யூஎஸ்பி0 என்று பெயர் விழுந்தது, அடுத்ததற்கு டிடிஒய்யூஎஸ்பி1. சரி, 0 நெல், 1 அரிசி என்று நிரலில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஏழு மாதம் ஓடியது.

தை மாதம், சம்பா அறுவடை உச்சம். வாசலில் ஆறு டிராக்டர். கரண்ட் போய் வந்தது, பெட்டி தானே எழுந்துகொண்டது. முதல் மூட்டையை மேடையில் வைத்தார்கள். தராசின் சிவப்பு எழுத்தில் 61.4. என் திரையில் 25.2. நான் திரையை மட்டும் பார்த்துச் சீட்டு அடிக்கப் போனேன். எதிரே நின்ற பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, தராசு ஒண்ணு சொல்லுது, டப்பா ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பறது?" என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பின்னால் இருந்த ஐந்து டிராக்டருக்கும் கேட்டது. மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அன்று முழுக்க நோட்டில் கையால் எழுதினோம்.

நடந்தது இதுதான். மறுபடி கிளம்பியபோது பின்பக்கத் தராசின் கம்பி முதலில் கண்ணில் பட்டிருக்கிறது, 0 அதற்குப் போய்விட்டது. லினக்ஸின் நடுநாயகமான நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அது எண் கொடுப்பது நம் கல்யாணப் பந்தி மாதிரி. வருகிறவர் முதலில் காலியாக இருக்கும் இலையில் உட்கார்வார். இலைக்கும் ஆளுக்கும் சொந்தம் கிடையாது. ஒரே இலையில் இரண்டு பேர் உட்காரக் கூடாது, அது மட்டும்தான் கணக்கு. நேற்று யார் எங்கே உட்கார்ந்தார் என்று பந்தி விசாரிப்பவர் குறித்து வைப்பதில்லை.

இதில் இன்னொரு கூத்து. ஓடும்போது கம்பி ஒரு நொடி தளர்ந்து மறுபடி ஒட்டினால், அதே 0 கிடைக்காது. என் நிரல் பழைய 0-ஐத் திறந்தே வைத்திருக்கும். அது மூடும்வரை கர்னல் அந்த எண்ணை விடுவிக்காது. இலையை மடிக்காமல் கை கழுவப் போனவர் மாதிரி. 1-இல் ஏற்கனவே ஆள் இருக்கிறது, அதனால் திரும்பி வந்தவருக்கு 2. நிரல் 0-இன் வாசலிலேயே காத்துக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

திட்டிக்கொண்டே இருந்தவன், அடுத்த வருடம் நானே ஒரு டிரைவர் (ஒரு கருவியோடு கர்னல் பேச உதவும் நிரல்) எழுத உட்கார்ந்தபோது வாயை மூட வேண்டியதாயிற்று. மேட்டூர் திறந்தபின் எங்கள் வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது எட்டுகிறது என்று பார்க்க இரண்டு நீர்மட்டப் போர்டுகள் செய்தேன். கர்னலில் பிளாட்பார்ம் சாதனமாக, அதாவது யூஎஸ்பி போலத் தானே அறிமுகம் செய்துகொள்ளாத சாதனமாக, பதிவு செய்யும்போது ஓர் எண் கொடுக்க வேண்டும். மைனஸ் 1 கொடுத்தால் 'இது ஒன்றே ஒன்றுதான், எண் வேண்டாம்' என்று அர்த்தம். தெரியாமல் இரண்டுக்கும் மைனஸ் 1 கொடுத்தேன். முதல் போர்டு ஏறியது. இரண்டாவதற்கு மைனஸ் 17 என்று பிழை வந்தது, இந்தப் பெயரில் ஏற்கனவே ஆள் இருக்கிறது என்பதற்கான எண் அது. நம்மூரில் 17 என்றால் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பத வரம்புதான். அங்கேயும் 17-ஐக் காட்டித்தான் திருப்பி அனுப்புவார்கள்.

அப்புறம் நானே ஒரு எண்ணியை வைத்தேன், பதிவு செய்யும்போதெல்லாம் ஒன்று கூட்டு என்று. கூட்டத் தெரிந்த எனக்குத் திருப்பி வாங்கத் தெரியவில்லை. போர்டைக் கழற்றி மாட்டிச் சோதித்ததில் ஒரே வாரத்தில் எண் 40-ஐத் தாண்டிவிட்டது. கடைசியில்தான் மைனஸ் 2 கண்ணில் பட்டது: எண்ணை நீயே பார்த்துக்கொள் என்று கர்னலிடம் விட்டுவிடுவது. 2012-இல் எழுதிச் சேர்த்த வசதி. காலியாக இருக்கும் சிறிய எண்ணை எடுத்துக் கொடுக்கும், சாதனம் போனதும் எண்ணைத் தானே திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் ஐடிஏ என்று ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார், இந்த வரவு செலவு முழுக்க அவர் பொறுப்பு. எனக்கு 2, 3 கிடைத்தன. 0, 1 எங்கே என்று தேடினால் வேறு டிரைவர்கள் எடுத்திருந்தார்கள். தானாக எண் கேட்கும் பிளாட்பார்ம் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பந்தி.

எனக்கு மிகவும் பிடித்தது, அப்படிக் கொடுத்த பெயரின் வாலில் '.ஆட்டோ' என்று ஒட்டிவிடுகிறார்கள். வேறு யாராவது கையால் கொடுத்த எண்ணோடு மோதாமல் இருக்கத்தான் அந்த ஒட்டு. ஆனால் படிப்பவனுக்கு அது வேறொன்றும் சொல்கிறது: இது தானாக விழுந்த எண், இதை நம்பிக் கடன் கொடுக்காதே. இந்த வால் டிடிஒய்யூஎஸ்பிக்கும் இருந்திருந்தால், அந்தப் பெரியவர் முன்னால் நான் முழித்திருக்க மாட்டேன். எண்ணைக் கொடுத்ததில் தப்பில்லை. பெயர் மாதிரி வேஷம் போட்டுக் கொடுத்ததுதான் தப்பு. இதைச் சொன்னால் ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும் என்பார்கள். படித்திருக்க வேண்டும்தான்.

இதற்கு மருந்து இருக்கிறது. லினக்ஸில் சாதனங்களின் பெயர்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் இரண்டு விதமாகத் துணைப்பெயர் வைத்துத் தருகிறது. ஒன்று, கம்பிக்குள் இருக்கும் தொடர் எண்ணை வைத்து. இன்னொன்று, எந்த வழியாக வந்து எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து. இரண்டாவது நம் டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ வாய்க்கால், ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி. அதே கணக்கில் 1-1.4 என்றால் முதல் பஸ் (பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி பாதை), அதன் முதல் ஓட்டை, அங்கே மாட்டிய ஹப்பின் (ஓர் ஓட்டையைப் பல ஓட்டைகளாகப் பிரிக்கும் கருவி) நாலாவது ஓட்டை. ஆள் மாறினாலும் மடை மாறாது.

என் பழைய கம்பிகள் மலிவுச் சரக்கு, இரண்டிலும் தொடர் எண்ணே இல்லை. அதனால் வழிப்பெயரை வைத்து மூன்று வருடம் ஒரு தகராறும் இல்லாமல் ஓடியது. எலி கடித்ததும், இந்தமுறை தொடர் எண் உள்ளதாகவே வாங்குவோம் என்று கொஞ்சம் விலை கூடுதலாகக் கொடுத்து இரண்டு புதுக் கம்பி வாங்கினேன். ஒன்றைச் செருகிப் பார்த்தேன்: தொடர் எண் 0001. ஆகா என்றிருந்தது. அடுத்ததைச் செருகினேன். அதுவும் 0001. தனித்து அடையாளம் காட்டத்தான் தொடர் எண்ணே இருக்கிறது, அதை அச்சடித்த நோட்டீஸ் மாதிரி எல்லாவற்றிலும் ஒன்றாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு கம்பியும் ஒரே துணைப்பெயருக்கு அடித்துக்கொண்டன, ஜெயித்தது ஒன்று. மறுபடி வழிப்பெயருக்கே வந்து சேர்ந்தேன். போகிற வருகிறவர் ஓட்டையை மாற்றிவிடக் கூடாதே என்று அத்தையின் நெயில் பாலிஷை வாங்கி ஹப்பில் அடையாளம் வைத்தேன். நெல்லுக்குச் சிவப்பு, அரிசிக்கு ஊதா.

ஆக, டிரைவர் எழுதுகிறவனாகக் கேட்டால் கர்னல் தானாக எண் கொடுப்பதற்குப் பத்துக்கு ஒன்பது. நான் கையால் எழுதியதைவிட எவ்வளவோ மேல். பெட்டிக்கும் அதே மதிப்பெண்தான். வாங்கலாமா என்றால், வேண்டாம்டா. உன் கடையில் மூன்று தராசு, கம்பி செருக இரண்டு பையன்கள், இரண்டு பேரும் ஓட்டையைப் பார்த்துச் செருகுகிற ரகம் இல்லை. நோட்டும் பேனாவும் போதும். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

மாமா என்னைக் கேட்காமலே அதே பெட்டியில் இன்னொன்று சொல்லிவிட்டாராம், களத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவியை மாட்ட. அத்தையிடம் பச்சைப் பாலிஷ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.