பரந்தன் பக்கத்து அரிசி ஆலையும் அதன் இயந்திரத்தை இயக்குபவரும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியை அண்டிய ஒரு சிறிய ஆலையில்தான் எங்கள் காலபோக (மாரிகாலப் பயிர்) நெல்லைக் குற்றுவிக்கிறோம். கட்டடமும் இயந்திரங்களும் பழையவை. ஆயினும் அங்கே கிடைக்கும் அரிசி தரமாக இருப்பதற்கு, இயந்திரத்தை இயக்கும் அண்ணையே முதற்காரணம் என்பேன்.

மூடையை இறக்கியதும் அவர் நெல்லைக் கொட்டிவிடுவதில்லை. நாலைந்து மணிகளைப் பல்லில் கடித்துப் பார்த்து, ஐயம் இருந்தால் ஈரப்பதமானியிலும் அளக்கிறார். 14 வீத அளவில் ஈரம் இருக்கும் நெல்லே குற்றுவதற்கு ஏற்றது. கூடினால் அரிசி நசியும், அதிகம் காய்ந்தால் உடையும். வெட்டு இயந்திரத்தில் அறுத்த நெல் ஒரே வயலிலும் ஒரே பதத்தில் இருப்பதில்லை என்பதால், ஈரமான மூடைகளைப் பிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்காக அவரோடு கோபிப்பவர்கள் உண்டு. நான் அவர் பக்கம்.

உமி நீக்கும் இரண்டு இறப்பர் உருளைகளும் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழல்கின்றன. அவற்றின் இடைவெளி நெல்மணியின் தடிப்பைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அகன்றால் நெல் உரிபடாமல் அரிசியோடு கலந்து வரும், இறுகினால் அரிசி குறுணலாவதோடு இறப்பரும் விரைவில் தேயும். சம்பா நெல் முடிந்து, தடிப்பு வேறான நாட்டு நெல் ஏறும்போது அவர் இயந்திரத்தை நிறுத்தி, இடைவெளியை மாற்றி, முதலில் விழுவதைக் கையில் அள்ளிப் பார்த்த பின்பே தொடர்கிறார். வேகமாகச் சுழலும் உருளை முன்னதாகத் தேய்வதால், இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டுவதும் அவர் வேலைதான். புதிய இயந்திரங்கள் பூட்டிய வேறோர் ஆலையில், சம்பாவுக்கு வைத்த இடைவெளியிலேயே எங்கள் நாட்டு நெல்லையும் ஓட்டியதால் குறுணலே மிகுந்தது.

தீட்டும்போதும் அவர் கவனம் குறைவதில்லை. வெளிவரும் அரிசி கையில் சுட்டால் அழுத்தத்தைத் தளர்த்துகிறார். வெள்ளையாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, தவிட்டோடு சத்தும் போய்விடும் என்று பொறுமையாகச் சொல்கிறார்.

குறைகளும் உண்டு. கல் நீக்கும் இயந்திரம் இல்லாததால், வீதியில் காயவைத்த நெல்லை வீட்டிலேயே புடைத்துக் கொண்டு போக வேண்டும். அண்ணை இல்லாத நாட்களில் நிற்கும் உதவியாளருக்கு இயந்திரத்தை ஓட்டத் தெரியும். ஆனால் பிழை கண்டால் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. முதலாளி அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

தை, மாசியில் வரிசை நீளும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்து, அண்ணை நிற்கும் நாளைக் கேட்டுப் போங்கள். கூலி மற்ற ஆலைகளை ஒத்ததே. தவிட்டையும் குறுணலையும் தனித்தனியே கட்டி நமக்கே தந்துவிடுகிறார்கள்.