சங்கிலியா, திறந்த கேட்டா? சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் நாய் வளர்ப்போரின் தீராத வழக்கு

நாய் வளர்க்கும் வீடுகளில் தீனியைப் பற்றியோ குளிப்பாட்டுவதைப் பற்றியோ எழும் விவாதங்கள், கால்நடை மருத்துவர் ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாயைக் கட்டிப்போடுவதா, அவிழ்த்துவிடுவதா என்ற வழக்கு மட்டும் அடங்குவதில்லை. ஒரே வீட்டில் மாமனார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி என்று ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. "கட்டி வளர்த்தாத்தாம்மா நாய்க்குக் காவல் புத்தி வரும்" என்பார் அவர். "நாள் பூரா ஒரே எடத்துல கட்டி வெச்சா பாவமில்லைங்களா மாமா" என்பார் இவர். சேலத்தில் இந்த வழக்குக்கு ஒரு முகம் என்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்தால் வேறொரு முகம். நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில், சுற்றுச்சுவர், காடு, வண்டிப் போக்குவரத்து ஆகிய எல்லாமே மாறிவிடுவதால், கீழே சரியாக இருக்கும் ஏற்பாடு மேலே ஆபத்தாகிவிடக்கூடும்.

முதலில் சங்கிலி. அதற்கென்று ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் பல வீடுகளில் வாசற்படி இறங்கினால் தெருதான். கேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாவு கொண்டு வருபவரும் சேலை எடுக்க வருபவரும் காலை முதல் வந்துபோய்க்கொண்டிருக்கும் வீட்டில், நாயைச் சில மணி நேரம் கட்டிவைப்பது அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் மரியாதை. நிழலில், தண்ணீர் எட்டும் தொலைவில், எழுந்து நடந்து படுக்கத் தாராளமான நீளத்தில் கட்டப்பட்ட நாய்க்கு அந்தச் சில மணி நேரத்தால் கெடுதல் எதுவும் வந்துவிடாது.

அந்தச் சில மணி நேரம் நாள் முழுவதும் என்று ஆகும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஒரே தூணில் கட்டப்பட்ட நாயின் இடத்தைக் குனிந்து பார்த்தால் போதும், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சங்கிலி எட்டும் தூரம் வரை புல் முளைக்காத வட்டம், தூணின் அடியில் சங்கிலி உரசிப் பெயின்ட் உரிந்த தடம், கவிழ்ந்து கிடக்கும் அலுமினியத் தட்டு, வட்டத்தின் விளிம்பில் காய்ந்து கிடக்கும் மலம். நாய் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாத பிராணி. எனவேதான் சங்கிலி அனுமதிக்கும் கடைசி அங்குலம் வரை போய்க் கழித்துவிட்டுத் திரும்புகிறது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் பட்டைக்கு அடியில் மயிர் உதிர்ந்து தோல் தடித்திருக்கும். குட்டியில் போட்ட பட்டையை வளர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால், அது சதைக்குள்ளேயே புதைந்து சீழ் வைத்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும் என்ற எளிய கணக்கை வாரம் ஒருமுறை பார்த்தாலே இந்த வேதனையைத் தவிர்த்துவிடலாம்.

சேலத்தில் இதைவிடப் பெரிய கவலை வெயில். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும் தாண்டுவதும் புதிதல்ல. மனிதனைப் போல உடல் முழுதும் வியர்த்து நாயால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதன் ஒரே வழி. காலை எட்டு மணிக்கு நிழலாக இருந்த இடம் மதியம் இரண்டு மணிக்கு நேர் வெயிலில் இருக்கும். நிழல் நகர்கிறது, கட்டப்பட்ட நாயால் நகர முடிவதில்லை. தகரக் கூரை போட்ட கூண்டு இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள்; அந்த நேரத்தில் அது அடுப்பு போலக் காய்ந்துகொண்டிருக்கும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சப்பையான பக், ஷிட்சு போன்றவையும் அடர்ந்த இரட்டை மயிர் கொண்ட ஹஸ்கியும் இந்த நிலையை மிக விரைவில் எட்டிவிடும். இளைப்பு கூடி, ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கொழகொழத்து, நடை தள்ளாடினால், சாதாரணத் தண்ணீரை உடலில் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

"கட்டிய நாய்தான் காவல் நாய்" என்ற வாதத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும். கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வு, கடித்த நாய்கள் முற்றத்தில் கட்டப்பட்டவையாக இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்கு அதிகம் என்று கண்டது. கடிக்கும் குணம் உள்ளதால்தானே கட்டியிருப்பார்கள் என்று கேட்கலாம், அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் ஓடி ஒதுங்க வழியில்லாத எந்த விலங்கும் எதிர்த்து நிற்பதைத்தான் தேர்ந்தெடுக்கும் என்பது நாயோடு பழகிய எவருக்கும் தெரியும். திருடனுக்கும் கொரியர் பையனுக்கும் வேறுபாடு தெரியாமல் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும் நாயின் குரலுக்கு வீட்டார் பிறகு காது கொடுப்பதே இல்லை; அதைக் காவல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் பிராணியைக் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் குற்றமாகவே வகைப்படுத்துகிறது.

அப்படியானால் அவிழ்த்து விட்டுவிடலாமே என்பது எதிர்க்கட்சி. காலையில் கேட்டைத் திறந்தால் நாய் தெருவைச் சுற்றிவிட்டுப் பசிக்கும்போது வீடு திரும்பும், உடலும் மனமும் நன்றாக இருக்கும் என்கிறார்கள். பார்க்க இனிமையான ஏற்பாடு. ஆனால் சேலம் நகருக்குள், என் கணிப்பில், சங்கிலியைவிடவும் மோசமான ஏற்பாடு இதுதான். ஏனென்றால் சங்கிலியின் துன்பம் பெரும்பாலும் நாயோடு நிற்கிறது, திறந்த கேட்டின் துன்பம் தெருவில் போகிறவர்மேலும் விழுகிறது. அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ இரவில் வேலை முடிந்து இருசக்கர வண்டியில் வருபவரை நாய் துரத்தி, அவர் தடுமாறி விழுந்தால், "எங்க நாய் கடிக்காதுங்க" என்ற பதிலால் உடைந்த எலும்பு கூடாது. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ நேராதபடி காக்கத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு இடம் தருகிறது.

நாய்க்கும் அந்தச் சுதந்திரம் மலிவாகக் கிடைப்பதில்லை. தெருவில் சுற்றும் நாய் உண்ணியோடு வீடு திரும்புகிறது. உண்ணிக் காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வடிந்த பிறகுதான் பலர் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த சாக்கடை நீரால் எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. இணை சேரும்போது பரவும் ஒருவகைக் கட்டி நோயும் உண்டு. ஒரு நாயின் கட்டியில் உள்ள செல்களே இன்னொன்றின் பிறப்புறுப்பில் ஒட்டி வளரும். வாரம் ஒன்றாகச் சில ஊசிகள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றாலும், ரத்தம் சொட்டும் நாயைத் தெருவில் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெண் நாயாக இருந்தால் ஏறத்தாழ 63 நாளில் குட்டிகள். அந்தக் குட்டிகள் சாக்குப்பையில் போய்ச் சேரும் இடம் எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநோய் இருக்கிறது. அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் பிழைக்க வழி ஏறக்குறைய இல்லை என்பதால், மூன்று மாத வயதில் முதல் ஊசியும் பிறகு மருத்துவர் சொல்லும் தவணைகளும் தவறவே கூடாது. ஜூலை 6ஆம் தேதியான உலக விலங்குவழி நோய்கள் நாளையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள்.

மலையில் கதை சற்று வேறு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் மலைச் சிற்றூர்களிலும் நாயை அவிழ்த்துவிட்டு வளர்ப்பதே நெடுநாள் பழக்கம். வீட்டுக்கு வீடு தொலைவு, வண்டி குறைவு, நாய்க்குத் தோட்டத்தின் எல்லை தெரியும். பகலில், ஆள் கண்பார்வையில், கூப்பிட்டால் திரும்பி வரும் நாய்க்கு இது பொருந்தக்கூடிய வாழ்க்கைதான். ஆனால் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே மேயும் காட்டெருமையைப் பார்த்துவிட்டால் நாய் சும்மா இருப்பதில்லை. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் எடை வரை இருக்கும். அதைக் குரைத்துச் சீண்டிவிட்டு, அது திரும்பியதும் நாய் ஓடிவருவது தன் எசமானரிடம்தான். காப்பி பறிக்கும் பெண்கள் நடுவே அப்படி ஓடிவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் நாயின் கால் சிக்குவதும், காப்புக்காட்டுக்குள் புகுந்து முயலையும் மானையும் விரட்டுவதும் சேர்ந்துகொள்கின்றன. ஏரிக்கரைச் சாலையோரம் சுற்றுலாப் பயணிகள் வீசும் கோழி எலும்புக்குப் பழகிய நாய், நாளடைவில் தோட்டத்தை விட்டுவிட்டு வளைவுகளிலேயே நின்றுவிடுகிறது. மூடுபனியில் இறங்கும் வண்டிக்கு அது தெரியாது. எனவே மலையில் பகலில் அவிழ்ப்பதற்கு நான் எதிரியல்ல. அந்தி சாய்ந்ததும் நாய் நான்கு சுவருக்குள் வந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. இரவில் திண்ணையில் கட்டிப்போடுவதும் தீர்வாகாது. காட்டு விலங்கு வந்தால் கட்டிய நாய்க்கு ஓடக்கூட வழியில்லை. மார்கழிக் குளிரில் குட்டை மயிர் நாய்க்கு வெறும் சிமெண்டுத் தரை ஆகாது என்பதால், பலகையும் அதன்மேல் மடித்த சாக்கும் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவே சுற்றுச்சுவருக்குள் அவிழ்த்துவிடுவது எல்லோருக்கும் தோன்றும் சமரசம். அழகாபுரத்திலோ ஃபேர்லேண்ட்ஸிலோ தனி வீடு வைத்திருப்பவருக்கு அது வாய்க்கும். சுவர் ஐந்தடிக்குக் குறைந்தால் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாவிவிடும் என்பதையும், கேட்டின் அடியில் உள்ள இடைவெளி குட்டிக்குப் போதுமான வாசல் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவர் இல்லாதவர்களுக்கு அதிகம் பேசப்படாத வழி ஒன்று இருக்கிறது. இரண்டு மரங்களுக்கோ தூண்களுக்கோ இடையே ஆள் உயரத்துக்குமேல் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்திலிருந்து சங்கிலியைத் தொங்கவிட்டால், நாய் கம்பியின் நீளம் முழுதும் நடக்கலாம். நிழல் நகரும்போது தானும் நகரலாம். கன்னங்குறிச்சியிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை உள்ள தோப்பு வீடுகளுக்கு இது மிகவும் பொருத்தமானது. மரத்தைச் சுற்றிச் சங்கிலி முறுக்கிக்கொள்ளாதபடி இரு முனைக்கும் சற்று முன்பே வளையம் நிற்க ஒரு முடிச்சு இருக்க வேண்டும், கொக்கி சுழலும் கொக்கியாக இருக்க வேண்டும், பக்கத்தில் தாவி ஏறும் உயரத்தில் சுவரோ திட்டோ இருக்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதைத் தவறவிட்டால், மறுபக்கம் குதித்த நாய் கழுத்தில் தொங்கிவிடும். செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் இதுவும் சங்கிலிதான், நடைக்கு மாற்றாகாது.

வீட்டுக்குள் வைத்து, காலையும் மாலையும் லீஷ் பிடித்து நடத்துவது ஐந்தாவது வழி. நாய்க்கு மிக நல்லது, வளர்ப்பவருக்கு மிகக் கடினமானது. மயிர் உதிர்வதும் பூஜை அறையும் பெரியவர்களின் முகச்சுளிப்பும் உண்மையான தடைகள்தான், அவற்றைப் பழமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கூடம் வரை நாய், சமையலறையும் பூஜை அறையும் அதற்கு இல்லை என்று கோடு போட்டுப் பழக்கினால் நாய் சில வாரங்களில் புரிந்துகொள்கிறது. நடைக்குப் போகும்போது புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும்; ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சேலத்துக் கோடையில் விடிகாலையும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும்தான் சரியான நேரம்.

ஆகவே நகரத்தில் என் தேர்வு, பகல் வெயிலில் கூடத்துக்குள்ளும், காலை மாலை சுற்றுச்சுவருக்குள்ளும், தெருவில் லீஷுடனும்தான். மலையில் பகலில் ஆள் பார்வையில் தோட்டம், இரவில் வீடு. தறி வீட்டுக்காரருக்கு மேல்கம்பியும் இருவேளை நடையும். காலை எட்டு மணிக்குப் பூட்டி இரவு எட்டு மணிக்குத் திறக்கும் வீட்டுக்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது. அந்த வீட்டார் இப்போதைக்குக் குட்டி வாங்காமல் இருப்பதே நல்லது.

பல ஆண்டுகளாகக் கட்டியே கிடந்த நாயை மாற்ற நினைப்பவர்கள், ஒரே நாளில் அவிழ்த்துவிடக் கூடாது. அது திசை தெரியாமல் ஓடும் அல்லது முதலில் எதிர்ப்படுபவர்மேல் பாயும். முதல் வாரம் நீண்ட கயிற்றில் முற்றத்துக்குள் மட்டும் நடத்தி, கூப்பிட்டதும் வந்தால் ஒரு துண்டு அவித்த ஈரல் கொடுத்து, அது பழகிய பிறகு கயிற்றைத் தரையில் இழுபடவிட்டுப் பார்த்து, கடைசியில்தான் கயிற்றைக் கழற்ற வேண்டும். பட்டையில் வீட்டாரின் தொலைபேசி எண் பொறித்த தகடு அன்றைக்கே ஏறிவிட வேண்டும். இந்த மாற்றத்தைத் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்களில் பல திரும்பி வருவதில்லை.