டிவி ஷோவில் ஜெயித்த பரிசுக்கு வரி கேட்கிறார்களா? பணத்தை யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்

நானும் என் நாத்தனாரும் ஒரு டிவி கேம் ஷோவில் ஸ்கூட்டர் ஜெயித்தோம். வண்டி இன்றுவரை வரவில்லை. அதற்கு வரி என்று நான் கொடுத்த 27,000 ரூபாயைத் திரும்ப வாங்க ஏழு மாதம் ஆனது. ஆடிஷனுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். எங்கள் முறை வரும்போது சாயங்காலம் ஆறு. மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் பதினொரு பக்க ஒப்பந்தத்தை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிதான் மேடம், சீக்கிரம் சைன் பண்ணுங்க" என்றான். முழுக்க ஆங்கிலம். படிக்காமலே போட்டுக் கொடுத்தேன். ஜெயித்ததும் தெர்மாகோலில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்தார்கள். நாத்தனார் அழுதேவிட்டார். கேமரா நின்றதும் அதே பையன் சாவியை வாங்கிக்கொண்டு போய், அடுத்த ஜோடிக்காகச் சுவரோரம் சாத்தி வைத்தான்.

எபிசோடு ஒளிபரப்பாக மூன்று மாதம். பரிசு தருவதற்கான 90 நாள் கணக்கே அன்றைக்குத்தான் தொடங்குமாம். அப்புறம் போன் வந்தது: "வண்டி விலை 90,000, வரி 30 சதவீதம், அதை அனுப்பினால்தான் வண்டி ரிலீஸ் ஆகும்."

வரி உண்மைதான். 2001 நிதிச் சட்டத்திலேயே டிவி கேம் ஷோ பரிசுகளை இந்த 30 சதவீத வரிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வேறு வருமானமே இல்லாதவருக்கும் விலக்கு இல்லை. 10,000 ரூபாய்க்கு மேல் பணமாக ஜெயித்தால் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பொருளாக இருந்தால், வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகே அதைத் தர வேண்டும். இதெல்லாம் தெரிந்ததால்தான் நம்பினேன். ஆனால் போனில் பேசிய மேனேஜர் சொன்ன ஜிபே நம்பருக்குப் பணம் அனுப்பியது பெரிய தவறு. நாலு மாதம் கழித்து, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் தம்பி வருமான வரித் தளத்தில், என் பெயரில் கட்டிய வரியெல்லாம் தெரியும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தான். என் பெயரில் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை.

ஷோரூமில் கேட்டால், "அப்படி ஆர்டரே வரலையே." தயாரிப்புக் கம்பெனியில், ஸ்பான்சர் விலகிவிட்டார் என்றார்கள். சேனலோ கம்பெனியைக் கேட்கச் சொன்னது. ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது: பொருள் பரிசைத் தரும் பொறுப்பு ஸ்பான்சருடையது மட்டுமே. இந்த மாதிரிப் பரிசுகளைப் பல நேரம் சேனல் காசு கொடுத்து வாங்குவதில்லை. மேடையில் பெயர் சொல்வதற்கும் லோகோ காட்டுவதற்கும் பதிலாகக் கம்பெனிகள் பொருளைத் தருகின்றன. எங்களைக் காட்டி விளம்பரம் முடிந்துவிட்டது, வண்டிதான் வரவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 27,000 மட்டும் வந்தது.

கையெழுத்துப் போடும் முன்னால், பரிசைத் தருவது சேனலா, தயாரிப்பாளரா, ஸ்பான்சரா, ஸ்பான்சர் விலகினால் என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பொருள் பரிசுக்கு வரி கேட்டால் உங்கள் பேன் எண்ணில் நீங்களே சலான் போட்டுக் கட்டி, நகலை மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நகல் தரவே ஐந்து வாரம் இழுத்தடித்தார்கள்.