நான்கடித் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட்: யாரோடு யாரைச் சேர்ப்பது?

சிக்லிட் என்னும் வண்ண மீன் குடும்பத்தில் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது சாதுவா, முரடா?" என்றுதான். பல ஆண்டுகளாக ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களை வளர்த்துவரும் எனக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இருப்பதாகத் தோன்றவில்லை. கேட்க வேண்டியவை வேறு இரண்டு. ஏற்கெனவே தொட்டியில் இருக்கும் மீனைப் போலவே புதியதும் நிறத்திலோ வரியிலோ இருக்கிறதா? இரண்டும் ஒரே தீனியைத் தின்று உடம்பு கெடாமல் இருக்குமா? முதலாவதற்கு 'இல்லை' என்றும் இரண்டாவதற்கு 'ஆம்' என்றும் விடை கிடைத்தால் மட்டுமே வாங்குகிறேன்.

என்னுடையது நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி. ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது; குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படியும். சமையலுக்கு ஆகாத அந்தக் கடின நீர் மலாவி மீன்களுக்கு வெகுவாகப் பொருந்துகிறது. அவற்றின் ஏரி நீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 7.8 முதல் 8.6 வரை இருக்கும். மென்னீர் வரும் ஊர்க்காரர்கள் நீரைக் கடினமாக்க ஃபில்டருக்குள் ஒரு பை கிளிஞ்சலைப் போட்டு வைக்கலாம். அதே வேலைக்குப் பவளத் துண்டுகளை யாராவது விற்றால் வாங்காதீர்கள். பவளத்தை எடுப்பதும் விற்பதும் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் மூன்றும் சிக்லிட் குடும்பம்தான். ஆனால் அவை தென் அமெரிக்க ஆறுகளின் மீன்கள், வேறு வகைத் தண்ணீருக்குப் பழகியவை. ஆஸ்கார் ஓரடி வரை வளர்ந்து, வாய்க்குள் அடங்குவதை எல்லாம் விழுங்கிவிடும். ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பினம். அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். இவற்றை ஆப்பிரிக்க மீன்களோடு சேர்ப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

என் தொட்டியில் இருப்பவை யெல்லோ லேப், ரஸ்டி, அசெய் என்ற மூன்று இனங்கள். எலுமிச்சை மஞ்சள், துருவும் ஊதாவும் கலந்த பழுப்பு, மஞ்சள் வாலுடன் நீல ஊதா என்று மூன்றும் மூன்று நிறம். புழங்கும் இடங்களும் வேறு வேறு. அசெய் கூட்டமாக மேல்பாதியில் நீந்தும். ரஸ்டி கற்களை விட்டு அதிகம் விலகாது. யெல்லோ லேப் எல்லா இடங்களிலும் மேய்ந்துகொண்டிருக்கும்.

நிறம் ஏன் முக்கியம் என்பதைப் பத்து நிமிடம் தொட்டி முன் உட்கார்ந்தாலே பார்த்துவிடலாம். ரஸ்டி ஆண் தன் குகை வாசலில் துடுப்புகளை விரித்து, உடம்பைக் குறுக்காகத் திருப்பி நடுக்கிக் காட்டுகிறது. ஒரு விரல் தள்ளிக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருக்கும் யெல்லோ லேபை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே இடத்துக்கு இன்னொரு ரஸ்டி ஆண் வந்தால் போதும், இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு மணலில் புரள்கின்றன. தன்னைப் போல் இருப்பதைத்தான் அது போட்டியாளனாக எண்ணுகிறது. அதனால்தான் ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண்கள் என்று வைத்திருக்கிறேன். ஒரே பெண் இருந்தால் துரத்தல் முழுவதும் அதன் தலையில்தான் விழும். எண்ணிக்கை சற்று நெருக்கமாக இருந்தால் அடியும் பலர் மேல் பரவிப் போகிறது. ஆனால் அதற்கேற்ற பெரிய கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி), வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்றமும் கட்டாயம்.

ஆராட்டஸ் என்ற மலாவி சிக்லிட்டை மட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். குஞ்சுப் பருவத்தில் மஞ்சளில் கறுப்பு வெள்ளைக் கோடுகளோடு கண்ணைப் பறிக்கும். ஆண் வளர்ந்து கறுத்ததும் நான்கடித் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். 'கலப்பு ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று ஒரே பையில் போட்டுத் தரும் ஓரங்குலக் குஞ்சுகளில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். விற்பவர்கள் இனத்தின் பெயரைச் சொல்லி விற்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. பெயர் தெரிந்தால்தானே வளர்ப்பவர் விசாரித்து முடிவெடுக்க முடியும்? ரெட் ஸீப்ரா என்ற இன்னொரு மலாவி சிக்லிட்டை நான் தவிர்ப்பதற்குக் காரணம் வேறு. அது யெல்லோ லேபோடு எளிதில் இணைசேர்ந்து, இன்னதென்று சொல்ல முடியாத குஞ்சுகளைத் தரும்.

மலாவியின் பீக்காக் சிக்லிட் எனக்கு மிகவும் பிடித்த மீன். ஆனாலும் இந்தத் தொட்டியில் அதற்கு இடமில்லை. அது மணலுக்கு மேல் அசையாமல் நின்று, தலையிலுள்ள உணர்குழிகளால் மணலுக்குள் அசையும் புழுக்களைக் கண்டுபிடித்துத் தின்னும் மீன். என் தொட்டியில் இருப்பவை போன்ற பாறைவாசி சிக்லிட்கள் பலவும் பாசியைச் சுரண்டித் தின்று நீண்ட குடலோடு இருப்பவை. புழுத் தீனி கொடுத்தால் இவற்றுக்கு வயிறு வீங்கும், வெள்ளை நூல் போல மலம் தொங்கும், பெரும்பாலும் பிழைக்காது. பாசித் தீனி மட்டும் போட்டால் பீக்காக் மெலியும். போதாததற்கு, பாறைவாசிகளின் ஓயாத துரத்தலில் பீக்காக் ஆண் தன் நிறத்தையே இழந்துவிடும். என் மீன்களுக்கு ஸ்பைருலினா என்னும் பாசித்தூள் கலந்த தீனியும், வெந்நீரில் முக்கியெடுத்த பசலைக்கீரையும், தோலுரித்த பட்டாணியும்தான். யெல்லோ லேப் ஏரியில் பூச்சிகளைத் தின்பது என்றாலும் இந்த உணவில் நன்றாகவே இருக்கிறது.

கற்களைக் கண்ணாடித் தளத்தின் மேல் அடுக்கிய பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும். மணல்மேல் வைத்தால் இவை தோண்டும்போது கல் சரியும். புது மீன் விடும் நாளில் கற்களைக் கலைத்து மாற்றி அடுக்குகிறேன். எல்லாருக்கும் எல்லை புதிதாகிவிடுவதால் வந்த மீனுக்கு மட்டும் இடமில்லை என்ற நிலை வராது. விளக்கை அணைத்த பிறகு விடுவது இன்னும் நல்லது.

ஒரு மீன் மேல்மூலையில் குழாய்க்குப் பின்னால் துடுப்புகளை ஒடுக்கி நின்றால் அடி வாங்குகிறது என்று பொருள். அதை அன்றே பிரித்துவிடுங்கள். தீனிக்கு வராத மீனெல்லாம் நோயாளி என்று எண்ணிவிடாதீர்கள். தாடை புடைத்து, எதையோ மெல்வதுபோல் அசைந்தால் அது தாய். மூன்று வாரம் வரை வாய்க்குள் முட்டையும் குஞ்சும் காக்கும். நம் குளத்து ஜிலேபி மீனும் இதே குடும்பம். அதுவும் குஞ்சுகளை வாயில்தான் வளர்க்கும்.

தொட்டியின் அடித்தளத்துக்குத் ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான தாங்கனிக்காவின் புள்ளிக் கெளுத்தி நல்ல துணை. உருவமே வேறு என்பதால் சிக்லிட்கள் அதைச் சட்டை செய்வதில்லை. ஆனால் சிக்லிட் முட்டையிடும் நேரத்தில் நடுவே புகுந்து, காக்கைக் கூட்டில் குயில் இடுவதுபோல் தன் முட்டைகளையும் சேர்த்துவிடும். தாய் மீன் வாயில் சுமப்பது இரண்டையும்தான். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரித்து, உடனிருக்கும் சிக்லிட் குஞ்சுகளைத் தின்றுவிடும். சிக்லிட் குஞ்சுகள் வேண்டும் என்பவர்கள் இதைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

இரண்டடித் தொட்டி மட்டுமே உள்ளவர்கள் மேலே சொன்ன எந்தக் கூட்டணியையும் முயல வேண்டாம். அவர்களுக்குத் தாங்கனிக்காவின் மல்டி என்னும் ஓட்டுச் சிக்லிட் இருக்கிறது. இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. நல்ல மணலும் கைநிறைய காலி நத்தை ஓடுகளும் போதும். வேறு துணை மீனே தேவையில்லை.