செம்பருத்தி வேலி: ஆறு வருடத்துக்குப் பிறகு

நண்பன் கோவை சரவணம்பட்டியில் வீடு கட்டி முடித்திருக்கிறான். "உங்க வீட்டு வாசல் மாதிரியே செம்பருத்தி வேலி வெச்சிரட்டுமா?" என்று போன வாரம் போன் பண்ணினான். அன்று காலையில்தான் என் வேலியில் பாதியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தேன். காரணம் மாவுப்பூச்சி. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனாலும் நல்லதை மறைக்க மாட்டேன்.

வடவள்ளியில் எங்கள் சிட்-அவுட்டுக்கும் ரோட்டுக்கும் இடையில் 12 அடிதான். உட்கார்ந்து காபி குடித்தால் தெருவே பார்க்கும். காம்பவுண்டை உயர்த்த அம்மா சம்மதிக்கவில்லை. நர்சரியில் சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் என்ற மரக்கன்றைக் காட்டினார்கள். வாங்காதது நல்லதாகப் போயிற்று. 2023-ல் குஜராத் அதை நடுவதற்கே தடை போட்டது. நான் ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்திப் போத்துகளை இரண்டடி இடைவெளியில் ஊன்றினேன்.

மூன்றாம் வருடம் வேலி ஏழடி ஆனது. யார் கண்ணும் உள்ளே விழவில்லை, ஆனால் யாரும் வரவும் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி ஒரு நாள் கேட்டைத் திறந்து, "ஏங்கண்ணு, ஊர்ல இல்லையா? ஆளையே காணோம்" என்றார். அது மனதைத் தைத்தது. அன்றே நாலரை அடிக்கு வெட்டினேன். அந்த உயரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. நாற்காலியில் இருப்பவர் தெரிய மாட்டார், எழுந்து நின்றால் தெருவில் போகிறவரிடம் பேசலாம். கேட்டின் இரண்டு பக்கமும் மூன்றடிக்குச் செடியே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். கோலம் தெருவுக்குத் தெரிய வேண்டும்.

பூ ஒரு நாள்தான் நிற்கும். அதனால் யார் பறித்தாலும் நஷ்டமில்லை. காலை ஆறு மணிக்குப் பாட்டி வெளியிலிருந்தே பூஜைக்குப் பறித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற அம்மாவிடம் வேலி வழியாகவே பேசுவார். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒன்று: பூ புதுத் துளிரில்தான் வரும். அடிக்கடி மட்டமாகக் கத்தரித்தால் வெறும் பச்சைச் சுவர்தான் மிஞ்சும்.

அப்புறம் அந்தப் பூச்சி. வெயில் ஏறினால் நுனிக் கொழுந்து சுருண்டு முடிச்சாகி, வெள்ளையாகப் பஞ்சு அப்பியதுபோல் ஆகிவிடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் அடித்தேன். மீன் எண்ணெய் ரோசின் சோப்பு 25 கிராம் போட்டும் அடித்தேன். சுருண்ட இலைக்குள் மருந்து போகாது. கீழே எறும்பு இருக்கும்வரை அது பூச்சியைக் காவல் காத்துச் செடி செடியாகப் பரப்பும். அதைவிட வருத்தம், மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு வாங்கி விட்டுவிட்டு அதன் புழுக்களையே மருந்தடித்துக் கொன்றது. அந்தப் புழுவும் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே இருக்கும். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் நம் கோவையில்தான் தென்பட்டது. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தப் பூச்சியை அழிக்கும் குட்டிக் குளவி கொண்டுவந்து விட்டு அதை அடக்கினார்கள். என் செடியில் இருப்பது வேறு இனம், ஆறு வருடமாக அடங்கவில்லை.

நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நந்தியாவட்டை வை, பச்சைப் புழு வந்தால் கையாலேயே எடுத்துப் போடலாம், வேலி முழுக்க ஒரே செடியாக மட்டும் வைக்காதே என்றேன். "அப்போ உன்னோடதைப் பிடுங்கப் போறியா?" என்றான். இல்லை என்றேன். வெட்டிய கட்டைகளில் துளிர் வந்திருக்கிறது. தினமும் விடிந்ததும் ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டியும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்.